கிராம சபைல தீர்மானம் போடுறது எப்படி, அதாவது நோட்டுல ஏறுற மாதிரி போடுறது எப்படி

எங்க தெரு வாய்க்கால் பத்தி நான் முதல் தடவை கிராம சபைல எந்திரிச்சு பேசுனப்ப நல்லா கைதட்டுனாங்க, தலைவரும் "செஞ்சிரலாம் தம்பி, கண்டிப்பா செஞ்சிரலாம்"னு மைக்லயே சொன்னாரு, நானும் என்னமோ சாதிச்சிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டு படுத்துட்டேன். ஆறு மாசம் ஆச்சு, ஒரு செங்கல் கூட வரல. தீர்மான நகல் வாங்கி பாத்தா "கழிவுநீர் குறித்து ஒருவர் பேசினார், பரிசீலிக்கலாம் என முடிவு செய்யப்பட்டது"ன்னு ஒரே ஒரு வரி. எந்த தெரு, எத்தனை மீட்டர், எந்த நிதி, எதுவும் கிடையாது. அந்த வரிய தூக்கிட்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் போனா டீ குடிச்சிட்டு திரும்பி வரலாம், அவ்ளோதான். அன்னைக்கு புரிஞ்சதுதான், சபைல நாம பேசுறது ஒண்ணு, தீர்மான நோட்டுல ஏறுறது வேற, காசு போறது நோட்டுல இருக்குறத பாத்துதான்.

முதல்ல தேதி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் எல்லாருக்கும் தெரியும், இப்ப மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேந்து வருஷத்துக்கு ஆறு. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க சபை உறுப்பினர், யாரும் கூப்பிடணும்னு அவசியம் இல்ல. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டத்துல தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் வந்தாங்க, "தலைவரே இல்ல, அப்புறம் எதுக்கு சபை"ன்னு அப்ப நிறைய பேர் போகாம விட்டுட்டாங்க. தப்பு. தலைவர் இருந்தாலும் இல்லாட்டியும் சபை சபைதான்.

ஒரு வாரம் முன்னாடியே வேலைய ஆரம்பிங்க. சபைல எந்திரிச்சு புதுசா ஒண்ண சொன்னா "அடுத்த தடவை பாப்போம்"ங்குறது ரொம்ப ஈஸி. அதனால மனுவ எழுதி ரெண்டு காப்பி எடுத்து ஊராட்சி செயலர்கிட்ட குடுத்து, உங்க காப்பில தேதியோட கையெழுத்து வாங்கிக்கங்க. அவர் வாங்க மாட்டேன்னு சொன்னா பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க, சண்டை வேணாம், நாளைக்கும் அவர் மூஞ்சிலதான் முழிக்கணும்.

எதை கேக்கலாம்னு தெளிவு வேணும். தெரு விளக்கு, குடிதண்ணி, டேங்க் கழுவுறது, வாய்க்கால், குப்பை, ஊராட்சி ரோடு, ஊரணி, சுடுகாட்டு பாதை, இதெல்லாம் ஊராட்சி வேலை. பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, பஸ் நிக்கல, டிரான்ஸ்பார்மர் வெடிக்குது, இதெல்லாம் வேற டிபார்ட்மெண்ட், சபைல கோரிக்கையா போட்டு அனுப்பலாமே தவிர ஊராட்சியால நேரடியா செய்ய முடியாது. எங்க ஊர்ல ஒரு தடவை ரெண்டு மணி நேர சபைல ஒன்றரை மணி நேரம் ஒருத்தர் பட்டா கதைலயே போச்சு, பாவம் அவர் கஷ்டம் அவருக்கு, ஆனா தண்ணி பத்தி பேச வந்த பொம்பளைங்க எல்லாம் சோறு வடிக்கணும்னு எந்திரிச்சு போயிட்டாங்க.

அடுத்தது காசு. "நிதி இல்ல"ன்னு சொன்னா நம்பி உக்காந்துடாதீங்க, எந்த நிதி இல்லன்னு கேளுங்க. மத்திய அரசோட 15வது நிதிக்குழு மானியத்துல 2021-22ல இருந்து 2025-26 வரைக்கும் 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான்னு இருந்துச்சு, மிச்ச 40 சதவீதம்தான் ஊரு தேவைக்கு ஏத்த மாதிரி செலவு பண்ணலாம், அதுலயும் சம்பளம் குடுக்க முடியாது. அந்த விதிப்படி வாய்க்காலும் டேங்க்கும் கேக்குறவன் அந்த 60ல கேக்கணும், ரோடு கேக்குறவன் 40ல கேக்கணும், மாத்தி கேட்டா "அதுல பண்ண முடியாதுங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. மானிய விதி நிதிக்குழு மாறுனா மாறும், அந்தந்த வருஷம் கேட்டுக்கங்க. வீட்டு வரி வசூல் பொது நிதில இருக்கும், அது தனி. இ-கிராம் ஸ்வராஜ்னு ஆப் இருக்கு, அதுல உங்க ஊராட்சிய எடுத்தா இந்த வருஷ திட்டத்துல என்ன வேலை போட்டுருக்காங்க, எவ்ளோ செலவு காட்டிருக்காங்கன்னு வரும். போட்டுப் பாருங்க, சிரிப்பும் வரும் கடுப்பும் வரும். சபைல வரவு செலவு கணக்க படிவம் 30ல வச்சு படிக்கணும், படிக்கலன்னா "கணக்க படிங்க"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், கோவமா எல்லாம் கேக்க வேணாம்.

ஊரே சேந்து ஒண்ணு செய்யணும்னா நமக்கு நாமே திட்டமும் இருக்கு, மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்காவது நாம போட்டா மிச்சத்த அரசு போடும். கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த பங்க யாரு வசூல் பண்ணுவாங்குறதுலதான் பாதி ஊரு சண்டை ஆரம்பிக்கும். வெளிநாட்டுல சம்பாதிக்கிற நாலு பேர் இருக்குற ஊருக்கு சரிப்படும்.

சபை அன்னைக்கு ஆள் வேணும், தனியா போகாதீங்க. குறைவெண் வரம்புன்னு ஒண்ணு உண்டு, மக்கள் தொகை 500 வரைக்கும் 50 பேர், 501ல இருந்து 3000 வரைக்கும் 100, பத்தாயிரம் வரைக்கும் 200, அதுக்கு மேல 300. அவ்ளோ பேர் வரலன்னா சபை செல்லாது. ஆனா பாதி ஊர்ல 30 பேர் உக்காந்திருப்பாங்க, நோட்டுல 100 கையெழுத்து இருக்கும், எப்படின்னு எனக்கு சொல்லித்தான் தெரியணுமா. உங்க தெருவுல இருந்து ஒரு 20 பேர், அதுலயும் தண்ணி புடிக்கிற பொம்பளைங்க வந்தாலே பேச்சோட தொனி மாறிடும். பி.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பற்றாளர்னு ஒருத்தர் வந்திருப்பாரு, ஓரமா சேர் போட்டு போன பாத்துட்டு இருப்பாரு, அவரையும் பாத்து பேசுங்க, அறிக்கை அனுப்புறது அவர்தான்.

இப்ப முக்கியமான இடம், தீர்மானத்தோட வாசகம். இத நீங்களே வீட்டுல எழுதி எடுத்துட்டு போயிடணும். "மேலத்தெரு கழிவுநீர் வாய்க்கால் சரிசெய்ய வேண்டும்"னு எழுதுனா அது ஆசை. "மேலத்தெருவில் மாரியம்மன் கோவில் முதல் பெரிய ஓடைப் பாலம் வரை 120 மீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் கழிவுநீர் வாய்க்கால் அமைக்க, நிதிக்குழு மானியத்தில் சுகாதாரப் பணிக்கான தொகையிலிருந்து, இந்த ஆண்டு திட்டத்தில் சேர்த்து, மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள இச்சபை தீர்மானிக்கிறது"ன்னு எழுதுனா அது தீர்மானம். நீளத்த நாங்க நைலான் கயிறு வச்சு அளந்தோம், இஞ்சினியர் வந்து அளந்தப்ப ரெண்டு மீட்டர்தான் வித்தியாசம். ஆவன செய்யப்படும், பரிசீலிக்கலாம், நிதிநிலைக்கேற்ப, இந்த மூணு வார்த்தைல எது வந்தாலும் அங்கயே நிறுத்தி மாத்த சொல்லுங்க.

கையெழுத்து விஷயம். உள்ள நுழையும்போதே நோட்ட நீட்டி கையெழுத்து வாங்குவாங்க, வருகைக்குத்தான், அது சரி. ஆனா ஒரு தடவை எங்க பக்கத்து வீட்டு அக்கா, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, நோட்ட வாங்கி ஒரு பக்கம் முன்னாடி திருப்புனாங்க. தீர்மானம் எழுத வேண்டிய மூணு பக்கம் வெறுமையா இருக்கு, கையெழுத்து பக்கம் மட்டும் ரொம்பிட்டு வருது. "ஏங்க, எழுதாத பேப்பர்ல கையெழுத்து போட்டா எங்க வீட்டயே எழுதி வாங்கிருவீங்களே"ன்னு சத்தமா கேட்டாங்க பாருங்க, பந்தலே சிரிச்சுது, ஆனா அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒவ்வொரு தீர்மானத்தையும் அங்கயே எழுதி படிச்சு காட்டுனாங்க, நாலு மணி ஆயிருச்சு. அதுல இருந்து எங்க ஊர்ல இது பழக்கமாயிருச்சு. வருகை கையெழுத்து தனி, தீர்மானத்துக்கு கீழ கையெழுத்து தனி, எழுதி கோடு போட்டு மூடுனதுக்கப்புறம்தான். முடிஞ்சா அந்த பக்கத்த போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

தீர்மானம் போட்டாலே எல்லாம் நின்னுரும்னு நினைக்காதீங்க. காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்துல பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா 2022ல இருந்து தீர்மானம் மேல தீர்மானம் போட்டாங்க, அதனால மட்டும் அரசு திட்டத்த விடல. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி பக்கம் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா கிராம சபைகள்ல போட்டாங்க, அப்புறம் போராட்டம், சட்டமன்ற தீர்மானம்னு போயி 2025 ஜனவரில மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணுச்சு. நோட்டு மட்டும் அங்க ஜெயிக்கல, ஆனா நோட்டு இல்லன்னா "ஊரு எதிர்க்கவே இல்லயே"ன்னு சொல்லிருப்பாங்க. வாய்க்கால் மாதிரி சின்ன வேலைக்கு நோட்டுக்கு பலம் ஜாஸ்தி. சட்டத்துக்கு விரோதமான தீர்மானம்னா கலெக்டர் ரத்து பண்ணலாம், அதனால "இன்னார் வீட்டுக்கு தண்ணி குடுக்காதே" மாதிரி ஊர் பகைய எல்லாம் அதுல ஏத்தாதீங்க.

முடிஞ்சதும் ஒரு மாசத்துக்குள்ள நகல் வாங்கிடுங்க. கேட்டு குடுத்தா நல்லது, இல்லாட்டி வெள்ள பேப்பர்ல தகவல் உரிமை மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா முதல் மேல்முறையீடு, அதுக்கு காசு கிடையாது. வேலை நடக்கும்போது நேர்ல ஆய்வு பண்ணவும் சிமெண்ட் கலவை மாதிரி எடுக்கவும் அதே சட்டத்துல கேக்கலாம், இது நிறைய பேருக்கு தெரியாது, காண்ட்ராக்டருக்கு நல்லா தெரியும். நகல் கைல இருந்தா பி.டி.ஓ. ஆபீஸ்ல மதிப்பீடு எந்த நிலைல இருக்குன்னு கேளுங்க, நகரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல நகல இணைச்சு மனு குடுங்க.

அடுத்த சபைக்கு அந்த நகலயே எடுத்துட்டு போய், தீர்மானம் நம்பர சொல்லி "இது என்னாச்சு"ன்னு முதல் கேள்வியா கேளுங்க. எங்க வாய்க்கால் இப்ப 85 மீட்டர் வந்து நிக்குது, பாலத்துக்கு முன்னாடி, மழை பேஞ்சா அங்கதான் தேங்குது. மிச்ச 35 மீட்டருக்கு மனு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு காப்பி.