பார்பியானாவுக்கு ஒரு சனி, ஞாயிறு: ஆசிரியராகப் போகிறவர்கள் எப்படிப் போய் வருவது?

இத்தாலியில் கல்வியியல் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ரெஜ்ஜோ எமிலியாவின் மழலையர் பள்ளிகளைப் பார்க்கப் போவார்கள். இல்லையென்றால் 1907-ல் மரியா மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த ரோமின் சான் லொரென்ஸோ பகுதிக்குப் போவார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கையில் ஒரே ஒரு வார இறுதிதான் இருக்கிறது, ஆசிரியர் வேலைக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்றால், நான் பார்பியானாவுக்குத்தான் அனுப்புவேன். புளோரன்ஸுக்கு வடகிழக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கு, அதில் விக்கியோ என்ற சிற்றூர், அதற்கு மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன தேவாலயம், பக்கத்தில் பாதிரியார் வீடு, கீழே கல்லறைத் தோட்டம். ஊர் என்றால் அவ்வளவுதான்.

அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. டான் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் நடத்தினார். 1923-ல் புளோரன்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். திருச்சபை மேலிடத்துக்கு ஒத்துவராதவர் என்று 1954 டிசம்பரில் இந்த மலைக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போது அங்கே சாலை, மின்சாரம், குழாய்த் தண்ணீர் எதுவும் கிடையாது. கடைசிக் காலம் வரை அங்கேதான் இருந்தார். 1967 ஜூன் 26-ல் புளோரன்ஸில், தன் அம்மா வீட்டில் இறந்தார், வயது 44.

இந்தப் பயணத்தை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை சரியாக அமையவில்லை, இரண்டாவது முறை அமைந்தது. அந்த இரண்டாவது முறையைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: போவதற்கு முன்பே ஒரு புத்தகம், ஒரு முன்பதிவு

புத்தகம், பார்பியானா மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967 மே மாதம் வெளியான 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, நம் ஊர் ஆசிரியர்கள் பலர் படித்திருப்பார்கள். தேர்வில் பெயிலாக்கி வெளியே தள்ளப்பட்ட விவசாயக் குடும்பத்துப் பையன்கள், தள்ளிய ஆசிரியைக்கு எழுதும் பதில் அது. கோபமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கோபத்துக்கும் பின்னால் கணக்கு இருக்கும்: எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள், அவர்களுடைய அப்பாக்களுக்கு என்ன தொழில் என்று அட்டவணை போட்டுக் காட்டியிருப்பார்கள். முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டால் முதல் 30 பக்கமாவது படித்துவிட்டு ரயில் ஏறுங்கள். படிக்காமல் போனால் அங்கே தெரிவது ஒரு பழைய வீடும் நாலு மேசையும்தான்.

அடுத்து முன்பதிவு. தேவாலயத்தின் வெளிப்புறத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வகுப்பறைக்குள் போக வேண்டுமென்றால், பள்ளியைப் பராமரிக்கும் டான் லொரென்ஸோ மிலானி அறக்கட்டளைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் மலையேறி, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, ஜன்னல் கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன். நீங்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன படிக்கிறீர்கள், எதற்காக வருகிறீர்கள் என்று நாலு வரி போதும். இத்தாலிய மொழியில் எழுத முடிந்தால் நல்லது.

படி 2: விக்கியோவுக்கு ரயில்

சனிக்கிழமை காலை புளோரன்ஸ் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்திலிருந்து வட்டார ரயில். போர்கோ சான் லொரென்ஸோ வழியாகவும் போகலாம், போன்டாசியேவே வழியாகவும் போகலாம். சில ரயில்களில் நடுவில் மாற வேண்டியிருக்கும். சுமார் ஒரு மணி நேரம், மாறினால் கொஞ்சம் கூடும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால் திரும்பி வரும் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அப்படியே அந்த வார இறுதியில் வேலைநிறுத்தம் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள், இத்தாலியில் இது அடிக்கடி நடக்கும்.

தங்குவதற்கு விக்கியோவிலோ சுற்றியுள்ள பண்ணை வீடுகளிலோ இடம் கிடைக்கும். சாப்பாட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மதியம் இரண்டரை மணிக்கு மேல் பெரும்பாலான இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இந்தப் பக்கத்துச் சிறப்பு, உருளைக்கிழங்கு அடைத்த தோர்தெல்லி என்ற பாஸ்தா. வழக்கமாக இறைச்சிக் குழம்பு ஊற்றித்தான் வரும், சைவம் சாப்பிடுகிறவர்கள் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: மலைக்கு நடந்து போங்கள்

பார்பியானாவுக்குப் பேருந்து கிடையாது. காரில் போகலாம், ஆனால் கடைசிப் பகுதியையாவது நடந்துதான் ஏற வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கிட்டத்தட்ட 470 மீட்டர் உயரம்தான், பெரிய மலை இல்லை. செஸ்ட்நட் மரங்களும் ஓக் மரங்களும் நிழல் தரும். மேலே கடை எதுவும் இல்லை, தண்ணீரும் ரொட்டியும் கீழேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் பாதை சேறாக இருக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

காட்டுக்குள் ஏறும் பாதை ஒன்றுக்கு 'அரசியல் சாசனப் பாதை' என்று பெயர். இத்தாலியின் அரசியல் சாசனம் 1948 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவுகளைப் பள்ளிக் குழந்தைகள் வரைந்த படங்களோடு பலகைகளில் எழுதி, வழி நெடுக நட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு பலகை முன்னால் நின்று படிக்கலாம். 34-வது பிரிவு முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். பள்ளி எல்லாருக்கும் திறந்திருக்கிறது, குறைந்தது எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயம், அதுவும் இலவசம் என்கிறது அது. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்து கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்து மிலானி இதே மலைக்கு வந்தபோது, பையன்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பையன்கள் தினமும் இப்படித்தான் பள்ளிக்கு வந்தார்கள், குளிர்காலத்திலும் கூட. தாமதமாக வரும் ஒரு பையனைப் பிற்பாடு உங்கள் வகுப்பில் பார்க்கும்போது உங்கள் கெண்டைக்காலில் இந்த ஏற்றம் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

படி 4: வகுப்பறையில் மேசையைப் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் போனை எடுக்காதீர்கள். முதலில் என்ன இல்லை என்று பாருங்கள். புதிதாக வந்த பையன் ஒருவன் பார்த்ததாக அந்தக் கடிதம் சொல்கிறது: ஆசிரியர் மேசை இல்லை, கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. பெரிய மேசைகள் மட்டும்தான். பாடமும் அதில்தான், சாப்பாடும் அதில்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பிரதி, அதைச் சுற்றி எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் கொஞ்சம் பெரிய பையன் ஒருவன் பாடம் நடத்திக்கொண்டிருப்பதே சட்டென்று தெரியாது. அந்த 'ஆசிரியர்'களில் மூத்தவனுக்கு வயது 16, இளையவனுக்கு 12.

நான் அந்த மேசை ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஒரே ஒரு புத்தகத்தை நடுவில் வைத்தால் எத்தனை பேரால் படிக்க முடியும் என்று மனதுக்குள் இடம் பிரித்துப் பார்த்தேன். நேராகப் படிக்க நாலு பேர், பக்கவாட்டில் இரண்டு பேர், எதிரில் நிற்கிறவனுக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். அவனுக்காக ஒருவன் சத்தமாகப் படித்தே ஆக வேண்டும், அவனுக்குப் புரிந்ததா என்று நிறுத்திக் கேட்டே ஆக வேண்டும். கடிதத்தில் ஒரு வரி வரும்: பின்தங்கிய பையனுக்குப் புரியும் வரை மற்றவர்கள் அடுத்ததற்குப் போக மாட்டார்கள். படித்தபோது அதை ஒரு கொள்கை என்றுதான் நினைத்திருந்தேன். அது நடைமுறையில் எப்படி நடந்திருக்கும் என்பது அந்த மேசையருகில் நின்ற பிறகுதான் விளங்கியது.

சுவரில் 'ஐ கேர்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை இருக்கும். எனக்கு அக்கறை உண்டு என்று அர்த்தம். பாசிஸ்டுகளின் 'எனக்கென்ன வந்தது' என்ற கோஷத்துக்கு நேர் எதிரான சொல் இது என்று மிலானியே விளக்கியிருக்கிறார். பையன்கள் தங்கள் கையால் செய்த வரைபடங்கள், கருவிகள், மரவேலை செய்த பட்டறை எல்லாவற்றையும் காட்டுவார்கள். வெளியே சின்ன நீச்சல் தொட்டி ஒன்று இருக்கும், அதையும் பையன்களே கட்டினார்கள். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம், அந்தப் பயத்தைப் போக்கவே அது.

வருடத்தில் 365 நாளும் பள்ளி, ஞாயிறும் உண்டு. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை, குழந்தைகளுக்கு விளையாட்டு வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தொழுவத்தில் 36 மாடு வைத்திருந்த வீட்டுப் பையன் ஒருவன், சாணி அள்ளுவதைவிடப் பள்ளிக்கூடம் எப்போதும் மேல் என்று சொன்னதையும் கூடவே யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு விடுமுறை விட்டால் அந்தப் பையனுக்கு ஓய்வு கிடைக்காது, தொழுவத்துக்குத்தான் போக வேண்டும்.

இறங்கும் முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். மிலானி அங்கேதான் இருக்கிறார். அங்கே நான் எதுவும் எழுதவில்லை.

படி 5: சனி இரவு, துண்டுச் சீட்டுகள்

பயணத்தில் படிப்பு என்று சொல்லத்தக்க வேலை இதுதான், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த எட்டுப் பேரும் கடிதத்தை எழுதிய முறையையே நாமும் பின்பற்றப் போகிறோம். அதைச் செய்யும் விதத்தையும் அவர்களே கடிதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பகல் முழுவதும் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். தோன்றியதை எல்லாம் அதில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு அறைக்கு வந்ததும் ஒவ்வொரு குறிப்பையும் தனிச் சீட்டில், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். கூட நண்பர்கள் வந்திருந்தால் எல்லாருடைய சீட்டையும் கலந்துவிடுங்கள். ஒரே விஷயம் இரண்டு தடவை வந்தால் ஒன்றைக் கழியுங்கள். ஒன்றோடு ஒன்று சேர்வதைக் கட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர் வையுங்கள். பெயர் வைக்க வரவில்லையா? ஒன்று, அதில் விஷயம் இல்லை. அல்லது ஒரே கட்டில் பல விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. பிரியுங்கள்.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம், 41 சீட்டு சேர்ந்தது. 'இயற்கை அழகு' என்று ஒன்பது சீட்டு எழுதியிருந்தோம், எட்டைக் கழித்தோம். 'தலைகீழாகப் படிக்கிறவன்' என்று நான் எழுதிய சீட்டை எந்தக் கட்டில் வைப்பது என்று அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அதுவே ஒரு கட்டின் பெயராகிவிட்டது.

படி 6: ஞாயிறு காலை, ஜோட்டோவின் வீடு

விக்கியோவுக்குப் பக்கத்திலேயே வெஸ்பிஞானோ. ஓவியர் ஜோட்டோ பிறந்த வீடு என்று மரபாகச் சொல்லப்படும் வீடு அங்கே இருக்கிறது. திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்பாலம், சிமபுவேயின் பாலம் என்பார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஜோட்டோ ஒரு கல்லில் ஆட்டை வரைய, அந்த வழியாக வந்த பெரிய ஓவியர் சிமபுவே அதைப் பார்த்து அசந்துபோய்க் கூட்டிக்கொண்டு போனார் என்ற பழங்கதையின் பெயரால் அந்தப் பாலம். நடந்ததோ இல்லையோ, ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த கதை.

இதை ஏன் பயணத்தில் சேர்த்தேன் என்றால், இரண்டு கதையும் ஒரே பள்ளத்தாக்கில் நடக்கின்றன. இங்கே ஒரு மேய்ப்பன் பையனிடம் திறமையைக் கண்டு ஒரு குரு அழைத்துப் போகிறார். மலைமேல் ஓர் ஆசிரியர், திறமை இல்லை என்று மற்றவர்கள் முடிவுகட்டிய மேய்ப்பன் பையன்களோடு 12 வருடம் உட்கார்ந்திருக்கிறார். பயிற்சி வகுப்பில் நம்மை எப்போதும் சிமபுவேயாகவே கற்பனை செய்ய வைக்கிறார்கள், 'உங்களிடம் ஒரு மேதை வரலாம்' என்பார்கள். பாலத்தின் மேல் நின்றுகொண்டு, அன்று மற்ற ஆடுகளை மேய்த்த மற்ற பையன்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு சீட்டு எழுதுங்கள். எனக்கு அதுதான் 42-வது சீட்டு.

படி 7: திரும்பும் ரயிலில்

இப்போது கட்டுகளை வரிசைப்படுத்தி ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். அப்புறம் வெட்டுங்கள்: தேவையில்லாத அடைமொழி, கடினமான சொல், ஒரே வாக்கியத்தில் இரண்டு கருத்து, உண்மையில்லாதது. இதுவும் பார்பியானா பட்டியல்தான். கடைசியாக, அதிகம் பள்ளிக்குப் போகாத ஒருவருக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பையன்கள் வெளியாட்களைக் கூப்பிட்டு இப்படித்தான் சோதித்தார்கள்.

நான் போர்கோ சான் லொரென்ஸோவில் ரயில் மாறக் காத்திருந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். இரண்டாவது பத்தியில் நிறுத்தினார். "கற்றல் அடைவுன்னா என்னம்மா?" என்றார். விளக்கினேன். "அப்ப அந்தப் பையனுக்குப் புரிஞ்சுதான்னு கேக்குற, அவ்வளவுதானே?" ஆமாம் என்றேன். அதை அடித்துவிட்டு அம்மா சொன்னதையே எழுதிக்கொண்டு, ரயில் வருவதற்குள் மூன்றாவது பத்தியைப் படிக்க ஆரம்பித்தேன்.