முகூர்த்த நேரம் முதலில், மண்டபம் பிறகு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் மண்டபம் தேடும் குடும்பத்தின் முன் பெரும்பாலும் நான்கு வழிகளே இருக்கும்: கோயில் மண்டபம், நகராண்மைக் கழகத்தின் பொது மண்டபம், சீனர் சங்கம் வாடகைக்கு விடும் கூடம், தோட்டத்துக் கோயில் முற்றத்தில் போடும் கூடாரம். ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருப்பதால் அங்குள்ள ஹோட்டல் கூடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுள் எது அழகானது என்று பார்க்கப் புறப்படுவதற்கு முன், எந்த மணி முதல் எந்த மணி வரை இடம் நம் கையில் இருக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில் கல்யாண வீட்டார் மண்டபத்தில் பட்ட சங்கடங்களில் பாதிக்கு மேல் நேரத்தால் வந்தவை.

அந்த நேரத்தை முகூர்த்தம்தான் நிர்ணயிக்கிறது என்பதால் குருக்களிடம் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்: குறித்துக் கொடுத்த நேரம் மலேசியச் சூரிய உதயத்தைக் கொண்டு கணித்ததா? நாட்காட்டிகளில் வழக்கமாக அச்சாகும் இராகுகாலம் காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டது. இங்கோ 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. பேராக்கில் தை மாதத்தில் ஏழேகாலைத் தாண்டித்தான் சூரியன் எழுகிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு முகூர்த்தம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், அடுத்த நிகழ்ச்சிக்காரர் வாசலில் காத்திருக்கும்போது நம் பந்தி நடந்துகொண்டிருக்கும்.

காலை 9 மணி முகூர்த்தம் என்றால் மணவறை முதல் நாள் இரவே கட்டப்பட்டிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணத்துக்கு இதைக் கேட்காமல் விட்டோம். முதல் நாள் இரவு அதே கூடத்தில் வேறொருவரின் விருந்து நள்ளிரவு வரை நீண்டது. அலங்காரக்காரர்கள் அதிகாலை ஒரு மணிக்குத்தான் உள்ளே நுழைந்தார்கள். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது மணவறையின் ஒரு தூண் துணி சுற்றப்படாமல் நின்றது. ஆகவே வாடகை என்று சொல்லும் தொகை எத்தனை மணி நேரத்துக்கு, முதல் நாள் மாலை சாவி கிடைக்குமா, கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் என்ன என்ற மூன்றையும் ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.

நாளைத் தீர்மானிக்கும்போது உறவினர் எந்த மாநிலத்திலிருந்து வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பேராக்கில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடாவில் வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமைத் திருமணம் என்றால் சுங்கைப் பட்டாணியிலிருந்து வரவேண்டிய ஆசிரியர் விடுப்பு எடுக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடப்பதும், தையிலும் ஆவணியிலும் ஒரே நாளுக்குப் பலர் மோதுவதும் எல்லாரும் அறிந்ததே.

கோயில் மண்டபத்தின் பெரிய வசதி, தாலி கட்டும் இடமும் பந்தியும் ஒரே வளாகத்தில் அமைவது. சைவ உணவு மட்டுமே என்பது சிலருக்குக் குறை. எனக்கு அது செலவைக் குறைக்கும் நிறை. அந்தக் கோயிலின் ஆண்டுத் திருவிழாவுக்குக் கொடியேறும் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுத் திருமணத்தையும் அன்றே முடிக்க விரும்பினால், துணைத் திருமணப் பதிவாளராக நியமனம் பெற்றவர் அங்கு இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். அவரிடம் செய்தாலும் தேசியப் பதிவிலாகாவில் செய்தாலும், அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு ஏற்ப நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பொது மண்டபத்திலும் ஹோட்டலிலும் வாடகையைவிட விதிமுறைகளை முதலில் படியுங்கள். வெளிச் சமையல்காரரை விடுவார்களா, ஹலால் உணவு மட்டும்தானா, மது பரிமாறலாமா என்பவை இடத்துக்கு இடம் வேறுபடும். ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்; கம்பளம் விரித்த, புகையுணர் கருவி பொருத்திய கூடத்தில் குருக்கள் ஒரு கரண்டி நெய்யோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் கூடாரம் போட்டுச் செய்வது மலிவு என்று நினைப்பவர்கள் கணக்கை முழுதாகப் போடுவதில்லை. நிலம் நிறுவனத்துடையது, ஆகையால் நிர்வாகியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், காவல் சாவடியில் விருந்தினர் வண்டிகளைத் தடுக்காமல் விடச் சொல்லியிருக்க வேண்டும், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரிகள் எந்த நேரத்தில் அந்த மண்சாலையில் ஓடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்வதால், தரையில் பலகை அடிக்காத கூடாரத்தில் பட்டுப்புடவைகள் சேற்றில் தோய்ந்துவிடும். மின்னாக்கி, நடமாடும் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் வாடகையையும் கூட்டினால் நகரத்து மண்டபத்துக்கு நெருக்கமான தொகை வந்து நிற்கும். அப்படியிருந்தும், ரப்பர்ப் பால் மரம் வெட்டிக் குடும்பத்தை வளர்த்த பாட்டி அதே லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எதிரே பேத்தியின் கல்யாணத்தைக் காணவேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

எந்த இடமானாலும் ஒருமுறை வேறொருவர் நிகழ்ச்சி நடக்கும் நாளில், சமையற்கட்டு வழியாக நுழைந்து பாருங்கள். அண்டா கழுவும் நீர் எங்கே ஓடுகிறது, இலை எடுப்பவர்கள் எந்த வாசலைப் பயன்படுத்துகிறார்கள், மூத்தவர்கள் கழிப்பறைக்குப் போக எத்தனை படி ஏறவேண்டும் என்பவை காலியான கூடத்தில் தெரியா. இருக்கைகளை நிர்வாகி சொல்லும் எண்ணிக்கையில் ஏற்காமல், மணவறையும் பந்தி மேசைகளும் போட்ட பிறகு எத்தனை மிஞ்சும் என்று எண்ணுங்கள். முன்பணம் வேறு, சேதத்துக்கான வைப்புத்தொகை வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்கி, சாவியைத் திருப்பித் தரும்போது கூடத்தின் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும் நாளில் பேச்சு நீளாது.