செட்டிநாட்டுச் செம்மண்ணில் பார்படாஸ் செர்ரி: ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் வளர்க்கும் முறை

பழக்கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற இனிப்புச் செர்ரி காரைக்குடியில் வளராது. காஷ்மீரிலும் இமாசலத்திலும் அது காய்ப்பதற்குக் காரணம் அங்குள்ள குளிர். 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணி நேரம் உறங்கி எழுந்தால்தான் அந்த மரம் ஒழுங்காகப் பூக்கும். நம் மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. போதாததற்கு, பழம் சிவக்கிற நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடித்துவிடும். ஆன்லைனில் அந்தக் கன்றை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். (பேக்கரி கேக்கின் மேல் இருப்பது பெரும்பாலும் நம் களாக்காய்தான். விதை எடுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது.)

நம் வெயிலுக்கு ஏற்றது பார்படாஸ் செர்ரி. அசரோலா, மேற்கிந்தியச் செர்ரி என்பதும் இதுதான். 8 முதல் 12 அடி வரை புதராக வளரும். பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். 100 கிராமில் 1000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. வெயில் இதை ஒன்றும் செய்யாது. இதைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகையில் வேரடியில் தேங்கும் தண்ணீர்.

கன்று வாங்கும்போது

நர்சரியில் வெறுமனே ‘செர்ரி’ என்று கேட்டால் மூன்றில் ஒன்றைத் தருவார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் தேன்பழம் ஒன்று. பழத்தில் எட்டு வரிப்பள்ளம் உள்ள, வெள்ளைப் பூ பூக்கும் சூரினாம் செர்ரி இன்னொன்று. நமக்கு வேண்டியது இளஞ்சிவப்புப் பூ, ஓரம் சுருங்கிய ஐந்து இதழ், லேசாக மூன்று பிளவு தெரியும் பழம், உள்ளே மூன்று விதை. விதைக்கன்று வேண்டாம். விதைகளில் பாதிக்கு மேல் உள்ளீடற்றவை, முளைத்தாலும் பழத்தின் ருசி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. விண்பதியக் கன்றே (தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டி எடுத்தது) நல்லது. முடிந்தால் வெவ்வேறு தாய்ச்செடியிலிருந்து வந்த இரண்டு கன்றுகளாக வாங்குங்கள். பிஞ்சு பிடிப்பதில் வித்தியாசம் தெரியும்.

இடமும் குழியும்

தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் மேலே ஒரு அடிதான் செம்மண் இருக்கும். அதற்குக் கீழே கடப்பாரை ‘ணங்’கென்று செம்புராங்கல்லில் மோதும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியைச் செங்குத்தாகக் குத்தி, நீர்மட்டத்தில் கத்தியால் கோடு கிழியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டிலிருந்து 1 அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் குழி எடுத்து நடவே கூடாது.

‘மூன்றடிக் குழி எடுத்து, நல்ல மண் நிரப்பி நடு’ என்று எல்லோரும் சொல்வார்கள். செம்புராங்கல்லில் அது தொட்டி கட்டுவதற்குச் சமம். சுற்றிலும் இறுகிய கல், நடுவில் பொலபொலவென்ற மண். பெய்கிற மழையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வடியும். நாலு நாளில் இலை துவளும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அதோடு கன்று போய்விடும். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம்.

தண்ணீர் இறங்காத அப்படிப்பட்ட இடத்தில் மேடு போடுங்கள். தரையைக் கடப்பாரையால் அரையடிக்குக் கிளறிவிட்டு, அதன்மேல் 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் குவியல். கலவை இதுதான்:

செம்மண் 2 பங்கு
நன்றாக மக்கிய தொழுவுரம் 1 பங்கு
பருமணல் 1 பங்கு
ஒரு மேட்டுக்கு வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ

எம்-சாண்ட் போடுவதானால் கழுவி, மாவுத்தூளை ஓடவிட்டுப் போடுங்கள். அந்தத் தூள் மழையில் இறுகிவிடும்.

இரண்டு இடங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, ஓட்டுக்கூரைத் தண்ணீர் வந்து விழும் இடம். மற்றொன்று, பழைய வீட்டைப் பிரித்த சுண்ணாம்புக் காரையைக் கொட்டிய கொல்லை. காரை கலந்த மண்ணில் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. எவ்வளவு உரம் போட்டாலும் தேறாது.

நடவு

தை பிறந்ததும் நடுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று ஐப்பசியில் நடுவது இந்தச் செடிக்குச் சரிவராது. தையில் நட்டால் அடுத்த பெருமழைக்கு முன் ஒன்பது மாதம் வேர் ஓடிவிடும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், தண்டை மண்ணில் புதைக்காதீர்கள். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் 8 லிட்டர். பிறகு வாரம் இருமுறை 15 லிட்டர். கோடையில் மேடு சீக்கிரம் காயும், ஆகவே காய்ந்த இலைச்சருகு 3 அங்குல மூடாக்கு கட்டாயம். தண்டிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள்.

வேர் மேலாகவே ஓடும் செடி இது. அடியில் மண்வெட்டி போடாதீர்கள், களையைக் கையால் பிடுங்குங்கள்.

கவாத்து

புரட்டாசியில், மழைக்கு முன், உள்நோக்கி வளர்ந்த கிளைகளை எடுத்துவிடுங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், ஈர மண்ணில் காற்றுக்குச் சாயாமலும் நிற்கும். இரண்டு அலகும் உரசி வெட்டும் கத்தரியே நல்லது. அலகு தட்டையான தகட்டில் அழுந்தும் வகை பட்டையை நசுக்கும், மழையில் அந்தக் காயத்தில் பூசணம் ஏறும். இளம் இலையில் உள்ள நுண்ணிய மயிர் சிலருக்கு அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பூவும் பழமும்

கொஞ்சநாள் காய்ந்து, பிறகு தண்ணீர் கிடைத்தால் கொத்தாகப் பூக்கும். பூத்து 25 நாளில் பழம். அடைமழையில் பூ கொட்டினால் மருந்து தேட வேண்டாம், அடுத்த பூப்பு வரும். வெயில் காலத்திலும் பிஞ்சே பிடிக்கவில்லை என்றால் காலையில் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றதன் பூவில் தொட்டுவிடுங்கள்.

சிவந்த பழத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. ஜூஸ் பிழிந்து ஃப்ரீசரில் ஐஸ் தட்டில் ஊற்றி வைப்பது உத்தமம். காய்ச்சினால் வைட்டமின் சி குறையும். செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: மேடு போட்டும் வளரவில்லை என்கிறவர்களுக்கு

வடிகால் சரியாக இருந்தும் செடி குன்றி நின்றால் 3 அங்குலம் தோண்டி ஒரு மெல்லிய வேரை எடுத்துக் கழுவிப் பாருங்கள். பாசிமணி கோத்ததுபோல முடிச்சு இருந்து, நகத்தால் சுரண்டினாலும் உதிரவில்லை என்றால் அது வேர்முடிச்சு நூற்புழு. இந்தச் செடிக்கு முதல் எதிரி. கத்தரி, வெண்டை, தக்காளி போட்ட பாத்தியில் பெரும்பாலும் இருக்கும். மேட்டைச் சுற்றி நெருக்கமாகச் செண்டுமல்லி நடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3 கிலோ தொழுவுரத்தோடு கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து போடுங்கள். வேரெல்லாம் முடிச்சாக இருந்தால் அந்தச் செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, காய்கறி போடாத வேறு இடத்தில் புது மேடு போடுங்கள். பழைய மேட்டு மண்ணை அங்கே கொண்டுபோகாதீர்கள், மண்வெட்டியையும் கழுவி எடுத்துச் செல்லுங்கள்.