செடியின் லத்தீன் பெயரைப் படிப்பது எப்படி: இரண்டாம் சொல்லைப் பிடியுங்கள்

குலசேகரம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் வரும்போது கையில் நீளமான பட்டியல் ஒன்று இருக்கும். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். அதை உருப்போட்டுத் தேர்வு எழுதுவார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, செடிக்கு முன்னால் வந்து நில்லுங்கள்.

பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் நிலைநிறுத்திய முறை இது. முதல் சொல் நம் வீட்டுப்பெயர் மாதிரி, நெருங்கிய இனங்கள் சேர்ந்த பேரினத்துக்கே பொது. கிரேக்கம், அரபு, நம்மூர்ச் சொல் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். இப்போதைக்கு அதை விடுங்கள். செடி எப்படிப்பட்டது என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாம் சொல்தான்.

‘ஃபெரா’, ‘ஃபெர்’ என்று முடிந்தால் ‘தாங்குவது’ என்று பொருள். தென்னை, கோகோஸ் நூசிஃபெரா. லத்தீனில் நுக்ஸ் என்பது ஆங்கிலத்தின் நட், அதாவது கொட்டை. முருங்கை, மோரிங்கா ஓலிஃபெரா. ஓலியம் என்றால் ஆயில். முருங்கை விதையில் எண்ணெய் எடுக்கலாம். பனை, பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர். ஃபிளாபெல்லம் என்றால் விசிறி. ஓலை விசிறி வீசி வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மாமரத்தில் மட்டும் இந்த ஒட்டு முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. மாஞ்சிஃபெரா என்பது போர்த்துகீசியர் கொண்டுபோன நம் மாங்காயும் லத்தீனும் ஒட்டிய பெயர்.

அடுத்து, கையால் தொட்டுப் படிக்கும் சொற்கள். அயனிச்சக்கை மரத்துக்கு ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சூட்டஸ் என்று பெயர். ஹிர்சூட்டஸ் என்றால் மயிர் அடர்ந்தது. அதன் இளங்கொம்பை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று மயிர் தட்டுப்படும். பிரண்டை, சிசஸ் குவாட்ராங்குலாரிஸ். தண்டை இரு விரல்களுக்கு நடுவே உருட்டினால் உருளாது, நான்கு விளிம்பும் இடறும். அதுதான் அந்தச் சொல். தொட்டால்வாடிக்கு மைமோசா புடிகா. புடிகா என்றால் நாணம் உள்ளவள். பெயர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மூன்று சொற்கள் போதும். எஸ்குலென்டா என்றால் உண்ணத்தக்கது. மரச்சீனிக்கும் (மரவள்ளி) சேம்புக்கும் இதே சொல். ஆனால் இரண்டையும் பச்சையாகத் தின்னக்கூடாது, இதைப் பெயர் சொல்லாது. சட்டைவா என்றால் பயிரிடப்படுவது. நெல், ஒரைசா சட்டைவா. இஞ்சியின் அஃபிசினேல் என்பது மடங்களில் மருந்து வைத்திருந்த அறையின் பெயரிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பிய மருந்துச் சரக்குகளின் பெயரில் இது அடிக்கடி வரும்.

சொல்லின் வால் மாறினால் மிரள வேண்டாம். மாமரத்துக்கு இண்டிகா, நன்னாரிக்கு இண்டிகஸ், எள்ளுக்கு இண்டிகம். ஆண்பால், பெண்பால் போன்ற இலக்கண வேறுபாடு தவிர மூன்றும் ஒரே சொல், ‘இந்தியாவுக்குரியது’. நல்லமிளகின் நைக்ரம் கறுப்பு, சந்தனத்தின் ஆல்பம் வெள்ளை. பூசைக்குக் கத்தோலிக்கச் சாமியார் உடுத்தும் வெள்ளை அங்கியை ஆங்கிலத்தில் ஆல்ப் என்பது அதே வேரிலிருந்துதான். அரசமரத்தில் மட்டும் கொஞ்சம் தடுக்கும். ஃபைகஸ் ரிலிஜியோசா என்று முன்சொல் ஆண்பால் போல ஒலிக்க, பின்சொல் பெண்பாலில் நிற்கிறது. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால் என்பதே காரணம்.

ஊரைச் சொல்லும் சொற்களை மட்டும் முழுக்க நம்பாதீர்கள். ரப்பரின் பிரேசிலியென்சிஸ் உண்மை, அது அமேசான் காட்டு மரம். கொல்லாமாவின் (முந்திரி) ஆக்சிடென்டேல் ‘மேற்குத் திசையது’. அதுவும் சரி, பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான். ஆனால் புளிக்கு இண்டிகா என்று எழுதியிருக்கிறார்களே, அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

உச்சரிப்புக்காகக் கூச்சப்பட வேண்டாம். லத்தீனைத் தாய்மொழியாகப் பேசுபவர் இன்று யாரும் இல்லை, திருத்த ஆள் வராது. எழுதும்போதுதான் கவனம் தேவை. முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவது சிறிய எழுத்தில். இரண்டும் சாய்வாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘எல்’ என்று ஓரெழுத்து புள்ளியோடு நின்றால் அது லின்னேயஸ், பெயர் சூட்டியவர். இரண்டாம் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்.பி.’ என்று மட்டும் இருந்தால், எந்த இனம் என்று முடிவாகவில்லை என்று பொருள். மருந்துக்குச் செடி வாங்குகிறவர்கள் அப்படிப்பட்ட சீட்டைப் பார்த்தால், விலை பேசுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.