கிளட்ச் மாற்றிய பிறகு கியர் விழ மறுக்கிறதா? எங்கிருந்து பார்க்க வேண்டும்

புது கிளட்ச் போட்டு வண்டியை வெளியே எடுத்தால் ஒன்றாவது கியர் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்கிறது. பலரும் உடனே கியர்பாக்ஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முந்தின நாள்வரை ஒழுங்காக விழுந்த கியர் கிளட்ச் மாற்றியதும் இறுகினால், பெரும்பாலும் கழற்றி மாட்டியதில்தான் ஏதோ சரியாக உட்காரவில்லை. "புதுசு, ஓட ஓடச் சரியாயிடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கிளட்ச் பிடிக்கும் இடம் வேண்டுமானால் ஓட ஓடக் கொஞ்சம் மாறும். விழாத கியரைத் தினமும் அழுத்தித் தள்ளினால் சின்க்ரோ வளையங்கள்தான் (கியர் விழும்முன் வேகத்தைச் சமன்படுத்தும் வளையங்கள்) தேயும்.

படி 1: இன்ஜினை அணைத்துப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் கிளட்சை முழுக்க மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் விழாவிட்டால் பற்கள் நேருக்கு நேர் நிற்கலாம். நியூட்ரலில் வைத்து, கட்டையை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை ஓரடி தள்ளி, மறுபடி பிரேக் போட்டுக் கட்டை கொடுத்து முயலுங்கள். அடுத்து ஸ்டார்ட் செய்து அதையே செய்யுங்கள்.

அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது இறுகினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை: படி 2. இரண்டிலும் இறுக்கம் என்றால் நேராகப் படி 5.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை. நியூட்ரலில் இன்ஜின் ஓட, பிரேக்கையும் கிளட்சையும் முழுக்க மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) நின்றிருக்கும். அப்போதும் 'கர்ர்' என்றால் அது இன்னும் சுற்றுகிறது.

படி 2: பெடல்

முதலில் தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடங்கியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு.

கேபிள் கிளட்ச் (பெடல் கேபிளை இழுத்து இயக்குவது) என்றால் பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு தொடங்கும்வரை எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளங்கள். கையால் சரிசெய்யும் கேபிள் உள்ள வண்டிகளில் இது பெரும்பாலும் 10 முதல் 25 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் உண்டு. அதைவிட அதிகம் ஆடினால் கிளட்ச் முழுக்க விடாது. ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும்.

ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தால் இயங்குவது) என்றால் பெடலை வேகமாக நாலைந்து முறை மிதித்துவிட்டு கியர் போடுங்கள். அப்போது மட்டும் சுலபமாக விழுந்தால், அநேகமாக ஆயில் லைனில் காற்று இருக்கிறது: படி 3.

படி 3: ஏர் எடுப்பது

இரண்டு பேர் வேண்டும். ஊற்ற வேண்டிய பிரேக் ஆயில் டாட் 3-ஆ டாட் 4-ஆ (ஆயிலின் தரக் குறி) என்று ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். அது காலியானால் பிரேக் லைனிலும் காற்று புகுந்துவிடும். நான்கைந்து மிதிக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் உள்ள பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) உள்ளே தெரியும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக முழுக்க மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, குமிழி வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். குமிழி நின்று சுத்தமான ஆயில் வரும்வரை தொடருங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

சில நாளில் பெடல் மறுபடி தளர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் பக்கம் உள்ளது) ஸ்லேவ் சிலிண்டரையும் (கியர்பாக்ஸ் பக்கம் உள்ளது) பாருங்கள்.

படி 4: கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமா?

மேலே எல்லாம் சரி, ஆனாலும் விடவில்லை என்றால் வேறு வழியில்லை. மாட்டியவரிடமே திரும்பக் கொண்டுபோய், இவற்றை உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள்:

- கிளட்ச் பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா. எந்தப் பக்கம் ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே குறி இருக்கும்.
- பிளேட் வளைந்திருக்கிறதா. கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கால் தாங்காமல் அதன் எடையை பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டால் வளையும். கண்ணுக்குத் தெரியாது, சுற்றவிட்டு டயல் கேஜ் (நுண்ணிய வளைவை அளக்கும் கருவி) வைத்தால் தெரியும்.
- ஸ்பிளைனில் (பிளேட் நகரும் தண்டின் பல்வரிகள்) துரு அல்லது அதிகக் கிரீஸ் இருக்கிறதா. மெல்லிய பூச்சு போதும். பிளேட் கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும்.
- ரிலீஸ் பேரிங் (கிளட்சை அழுத்தி விடுவிப்பது), அதைத் தள்ளும் ஃபோர்க் இரண்டும் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா.

பழைய பிளேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படி 5: இன்ஜின் அணைந்தும் இறுக்கமா?

கியர்பாக்ஸ் பக்கத்தில் கியர் கேபிள்களைக் கழற்றிவிட்டு, அவை இணைந்திருந்த செலக்டர் லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். லேசாக அசைந்தால் கேபிள்தான் காரணம்: மடங்கிப் போயிருக்கும், பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் மாறியிருக்கும். கியர்பாக்ஸ் மவுண்ட் கோணலாக உட்கார்ந்தாலும் கேபிள் இழுக்கும்.

லீவரே இறுகினால் கியர் ஆயிலைப் பாருங்கள். முன்சக்கர இழுவை வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டை உருவும்போது ஆயில் கொட்டும். திரும்ப ஊற்ற மறப்பது சகஜம். ஃபில்லர் பிளக் உள்ள பல வண்டிகளில், சமதளத்தில் பிளக்கைத் திறந்தால் ஆயில் ஓட்டையின் விளிம்புவரை நிற்க வேண்டும். மேனுவல் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறி) கேட்டால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள சேர்மானத்தால் சின்க்ரோ வளையம் வழுக்கி, கியரின் வேகத்தைச் சமன்படுத்த நேரம் எடுக்கும். கை அதை இறுக்கமாகத்தான் உணரும்.