ஒவ்வொரு வரியிலும் தலையிடும் மேலதிகாரி: நாம் செய்யக்கூடாத தவறுகள்

வவுணதீவுப் பக்கம் மகளிர் குழுக் கூட்டம் நடத்தப் போன ஒரு கள உத்தியோகத்தருக்குக் காலை பத்து மணிக்குள் மூன்று தடவை போன் வந்துவிடும். "எங்க நிக்கிறீங்க?", "எத்தனை பேர் வந்திருக்காங்க?", "படம் எடுத்துக் குறூப்பில போடுங்க." மத்தியானம் கந்தோருக்குத் திரும்பினால், நேற்று எழுதிய கடிதம் மேசையில் கிடக்கும். "தங்களின்" என்பதைச் சிவப்பு மையால் வெட்டித் "தங்களுடைய" என்று மேலே எழுதியிருப்பார்கள். திரும்ப டைப் பண்ண வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேச செயலகம், தொண்டு நிறுவனம், கடன் கொடுக்கும் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை என்று எங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டாலும் இப்படி ஒரு மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஏதாவது இருக்கும்.

இது சின்ன விஷயமில்லை. நல்லாய் வேலை தெரிந்த பிள்ளைகள் ஒரு வருஷத்திலேயே தங்கள் மீதுள்ள நம்பிக்கையை இழந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே திங்கட்கிழமையை நினைத்து வயிறு கலங்குகிறது. மேலதிகாரியின் குணத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் அந்தக் குணத்துக்குத் தீனி போடுகிற சில காரியங்களை நாமே தெரியாமல் செய்துவிடுகிறோம். அவற்றை நிறுத்தலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். தகுதிகாண் காலத்தில் இருப்பவரின் வேலையைக் கூடுதலாகப் பார்க்கத்தான் செய்வார்கள். காசு எண்ணும் இடத்திலும், இயந்திரத்தில் கை போகக்கூடிய இடத்திலும் இரண்டு மூன்று தடவை சரிபார்ப்பது தேவையானது. இன்னொரு பக்கம், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது, சாதி, ஊர், மதம் சொல்லிப் பேசுவது, பாலியல் தொல்லை கொடுப்பது எல்லாம் வேறு வகை. அவற்றுக்குப் பொறுமையும் தந்திரமும் மருந்தாகாது, முறைப்பாடுதான் வழி. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற, எதையும் விட்டுக்கொடுக்க முடியாத மேலதிகாரியைப் பற்றியது.

தகவலைச் சுருக்குவது

பெரும்பாலானோர் செய்கிற முதல் தவறும் ஆகப் பெரிய தவறும் இதுதான். கேள்வி கூடக்கூட நாம் பதிலைக் குறைக்கிறோம். போனை எடுக்காமல் விடுகிறோம். "செய்துகொண்டிருக்கிறேன் சேர்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறோம். சொன்னால் இன்னும் கேட்பார், எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தகவல் குறைந்தால் பயம் கூடுகிறது. பயம் கூடினால் போனும் கூடுகிறது. எண்ணெய் ஊற்றி நெருப்பை அணைக்கப் பார்க்கிற கதைதான்.

எதிர்ப்பக்கமாகச் செய்து பாருங்கள். அவர் கேட்பதற்கு முன்னால், அவர் கேட்கப்போவதை நீங்களே அனுப்பிவிடுங்கள். புறப்படும்போதே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடலாம்:

"வணக்கம் சேர். இன்றைக்கு 9.30க்கு கன்னன்குடாவில் கூட்டம். 12 மணி வரை போன் சைலன்ட்டில் இருக்கும். வரவுப் பதிவும் படமும் 1 மணிக்குக் குறூப்பில் போடுவேன். கடன் திருப்புவதில் ஏதும் பிரச்சினை வந்தால் மட்டும் இடையில் நானே எடுப்பேன்."

இதில் நாலு விஷயம் இருக்கிறது: எங்கே, எவ்வளவு நேரம், அடுத்த தகவல் எப்போது வரும், எது நடந்தால் அவசரமாகத் தெரிவிப்பேன். மூன்றாவதுதான் உயிர்நாடி. 1 மணிக்கு வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் 11 மணிக்குப் போன் எடுக்க வேண்டிய தேவை குறையும். அதனால் 1 மணி என்று சொன்னால் 1 மணிக்கே போட வேண்டும். 1.20 ஆனால் சொன்னதற்கு மதிப்பில்லை.

முதல் கிழமை இதற்குப் பிறகும் அவர் போன் எடுப்பார். பலர் அத்தோடு "இவரோட ஒண்டும் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பழக்கம் உடைய நாளெடுக்கும். அப்புறம், அவருக்கு எந்த வடிவம் பிடிக்கிறதோ அதில் கொடுங்கள். சிலருக்குத் தாளில் வேண்டும், சிலருக்கு எக்செல் அட்டவணை, சிலருக்கு இரண்டு நிமிஷம் நேரில் வந்து நின்று சொன்னால்தான் மனம் ஆறும். நமக்கு வசதியான வடிவத்தில் பத்துத் தடவை அனுப்புவதை விட அவருக்குப் பழகிய வடிவத்தில் ஒரு தடவை கொடுப்பது மேல்.

நேரடி லொக்கேஷன் கேட்பது வேறு கதை. படுவான்கரைக் கிராமங்களுக்குத் தனியாக மோட்டார்சைக்கிளில் போகும் பெண் உத்தியோகத்தர்களிடம் "பாதுகாப்புக்குத்தான் தங்கச்சி" என்று சொல்லிக் கேட்பார்கள். யானை நடமாடும் பாதையில் அதில் நியாயமும் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, திரும்பும்போது ஒரு செய்தி என்று உடன்படுங்கள். நாள் முழுக்கப் புள்ளியாகத் திரையில் தெரிய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அவருக்கு எங்கே நெருக்குகிறது என்று பார்க்காமல் விடுவது

"அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று முடிவுகட்டுவது சுலபம். பெரும்பாலும் அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். அரச அலுவலகத்தில் கணக்காய்வாளர்கள் கேள்வி எழுதி அனுப்புகிற ஐயவினா வந்தால் பதில் எழுதி ஒப்பமிட வேண்டியவர் அவர்தான். அரச சொத்துக்கு இழப்பு வந்தால் அரச நிதி விதிகளான நிதிப்பிரமாணங்களில் 104இன் கீழ் விசாரணை நடக்கும். ஒரு தடவை அதில் மாட்டிக்கொண்டவர் பிறகு எல்லா வவுச்சரையும் தானே தொட்டுப் பார்ப்பார். தொண்டு நிறுவனத்தில் திட்டம் முடிவதற்குள் காசைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். கடன் கம்பனியில் கொழும்பிலிருந்து மாத இலக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே அவர் எதை இரண்டு தடவைக்கு மேல் கேட்கிறார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். எல்லாவற்றிலும் தலையிடுவதுபோலத் தெரிந்தாலும், குறித்துப் பார்த்தால் இரண்டு மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வருவார்: காசு, திகதி, மேலிடத்துக்குப் போகும் கடிதம். அந்த மூன்றையும் அவரிடம் தாராளமாகக் காட்டுங்கள். மற்றவை மெல்ல உங்கள் கைக்கு வரும்.

அம்பாறையில் இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் மேலதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். கோவையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை, அதனால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கோவையின் மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மூன்று வரிச் சுருக்கம் ஒட்டிவிட்டால் பாதி அழைப்பு நின்றுபோகும். சிங்களம் எழுத வராதென்றால் தெரிந்த சக ஊழியரிடம் கேட்டுச் செய்யலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஊரில் சொல்லி ஆற்றுவது

மனம் பொறுக்காமல் யாரிடமாவது சொல்லத்தான் தோன்றும். ஆனால் இது கொழும்பில்லை. தேநீர்க் கடையில் சொன்னது அன்றைக்குப் பொழுதுபடுவதற்குள் அவர் காதுக்குப் போய்விடும். அவருடைய மச்சான் உங்கள் பக்கத்து வீடு, அவருடைய மனைவி உங்கள் தங்கச்சியின் ரீச்சர், கோயில் நிர்வாகத்தில் உங்கள் மாமாவும் அவரும் ஒரே மேசை. இதில் இன்னொரு பிழையும் சேரும். சிலர் அந்த மாமாவையே தூது அனுப்புகிறார்கள்: "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்து நடத்துங்கோ." அதற்குப் பிறகு அந்த மேலதிகாரி உங்களை நம்பவே மாட்டார். கந்தோர்ப் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது என்று நினைப்பார். அவர் அப்படி நினைப்பதிலும் தவறில்லை.

சொல்ல ஒரு ஆள் வேண்டும், மறுக்கவில்லை. உங்கள் கந்தோரோடு தொடர்பில்லாத, வாய் இறுக்கமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

பேச்சைத் தவறாகத் தொடங்குவது

"நீங்க என்னை நம்புறீங்க இல்ல சேர்" என்று தொடங்கினால் அவர் "நம்பாமலா வேலை தந்திருக்கன்?" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கூட்டத்தில் பத்துப்பேர் முன்னால் கேட்டால் இன்னும் மோசம். தனியாக, அவருக்கு அவசரமில்லாத நேரத்தில் போய், ஒரேயொரு வேலையை மட்டும் கேளுங்கள்: "சேர், இந்த மாத முன்னேற்ற அறிக்கையை நான் முழுக்கச் செய்து 25ஆம் திகதி ஒரே தடவையில் காட்டட்டுமா? திருத்தம் இருந்தால் அன்றைக்கே செய்து தருவேன். சரிவரவில்லை என்றால் அடுத்த மாதம் பழைய மாதிரியே செய்வோம்." பொதுவாகச் சுதந்திரம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஒரு அறிக்கை, ஒரு திகதி, திரும்பப் பழைய முறைக்குப் போக ஒரு வழி என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். அது சரிவந்தால் அடுத்த மாதம் இன்னொன்றைக் கேட்கலாம்.

வாய்மொழியாக ஒன்று சொல்லிவிட்டு நாளைக்கு மாற்றிச் சொல்பவராக இருந்தால், கேட்டுக்கொண்டு வந்தவுடன் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "நீங்கள் சொன்னபடி கோழிக்கூட்டுக்கு மூன்று இடத்தில் விலைமனு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன்." குற்றம் பிடிக்கிற தொனி அதில் இல்லை, ஆனால் பதிவு இருக்கும்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் வருவது: முடிவெடுப்பதையே நிறுத்திவிடுவது. எப்படியும் மாற்றத்தானே போகிறார் என்று அரைகுறையாக எழுதிக் கொடுக்கப் பழகுகிறோம். அவர் அதைத் திருத்துகிறார். தான் பார்க்காவிட்டால் எதுவும் சரியாக நடக்காது என்று அவருக்கு உறுதியாகிறது. எப்போதும் "என்ன செய்வது சேர்?" என்று கேட்காமல், "இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியா சேர்?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாக இருந்தாலும் யோசனை உங்களிடம் இருக்கட்டும்.

இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போடுவதும் வேண்டாம். ஒரு தடவை போட்டால் அதுவே முறையாகிவிடும். உண்மையான அவசரத்துக்கு அழைப்பு எடுக்கலாம் என்று சொல்லிவைத்து, செய்திக்குக் காலையில் பதில் போடுங்கள். தனியார் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. இதை முகத்துக்கு நேரே எடுத்து நீட்ட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்து வைத்திருப்பவரின் குரலில் பதற்றம் குறைந்திருக்கும்.

கோபத்தில் கடிதம் கொடுப்பது

எதுவும் சரிவராமல் போவதும் உண்டு. அரச உத்தியோகமென்றால் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் மேலதிகாரியைப் பற்றி எழுதாமல் தூரம், பிள்ளைகளின் படிப்பு என்று உங்கள் உண்மையான காரணங்களை எழுதுங்கள். தனியாரென்றால் விலகலாம். ஆனால் சண்டை நடந்த அன்றைக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

எழுதும் முன் உங்கள் சேவைக்காலத்தைப் பாருங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் பூர்த்தியானால், நீங்களாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். நாலு வருஷமும் பத்து மாதமும் ஆனபோது கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டு வந்தால் அது முழுவதும் போய்விடும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடித்த 8 வீதமும் அவர்கள் போட வேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் போட வேண்டிய 3 வீதமும் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்றும் வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். போகும்போது சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். அந்தப் பிரதிகளைக் கந்தோர் மேசையில் வைக்காமல் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.