ஒரு நாட்டுப் பொருளை வாங்குவதில்லை என்று முடிவெடுக்கும் முன்

முதலில் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யார், எதைச் செய்தால் நாம் மறுபடி வாங்குவோம்? எழுத வரவில்லையா, பொறுங்கள். வெறும் கோபத்தோடு கடைக்குப் போனால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ‘அந்த நாடு ஒழியட்டும்’ என்பது கோரிக்கையில் சேராது. எந்த அரசும் அதற்கு இணங்கிவர வழியில்லை.

அடுத்து, புறக்கணிக்கச் சொல்லிக் கேட்டது யார் என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமான கேள்வி. ஏற்றுமதி விழுந்தால் மந்திரி வீட்டில் அடுப்பு அணையாது, தோட்டக் கூலி வீட்டில்தான் அணையும். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான புறக்கணிப்பில் இதற்கு நேரான பதில் இருந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆல்பர்ட் லுதுலி, தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸின் மான்டி நாயக்கர், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுன் மூவரும் சேர்ந்து, எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று பிரிட்டிஷ் மக்களிடம் கேட்டார்கள். கறுப்பின மக்களுக்குக் கஷ்டம் வரும் என்பதை லுதுலி மறைக்கவில்லை. ரத்தம் சிந்தும் காலம் குறையுமானால் அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்றார். 1960 மார்ச் பிரிட்டனில் புறக்கணிப்பு மாதமாக நடந்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது. 2009க்குப் பிறகு இலங்கைப் பொருள்களை வாங்காதீர்கள் என்ற குரல் தமிழகத்திலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் எழுந்தது. அந்தப் பட்டியலில் தேயிலையைச் சேர்ப்பதா? கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழ்ப் பெண்கள். முள்ளிவாய்க்காலுக்கான விலையை நுவரெலியா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவரிடம் வசூலிப்பது என்ன நியாயம்? அவர்களுடைய தொழிற்சங்கங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்காமல் சேர்க்கக் கூடாது.

பட்டியலைச் சின்னதாக வையுங்கள். மூன்று பொருள் போதும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிவதாக, மாற்று உள்ளதாக, முழுதாக அந்த நாட்டிலேயே விளைவதாக இருக்கட்டும். 1984 ஜூலையில் டப்ளினில் டன்ஸ் கடையின் கல்லாவில் இருந்த மேரி மேனிங், தென்னாப்பிரிக்காவின் அவுட்ஸ்பான் கிரேப்ஃப்ரூட்டுக்கு பில் போட மாட்டேன் என்றார். தென்னாப்பிரிக்கப் பொருளைக் கையாள வேண்டாம் என்று அவருடைய சங்கம் சொல்லியிருந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உடன் வேலை செய்தவர்கள் சிலர் சேர்ந்து வெளிநடப்பு செய்தார்கள். வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுக்கும் மேல் நீடித்தது. கடைசியில் தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதிக்கே அயர்லாந்து அரசு தடை போட்டது. ஒரு பழம், ஒரு கல்லா; யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செல்போனில் இப்படி முடியாது. பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்று இருக்கும், உள்ளே டிஸ்ப்ளே ஓரிடத்திலிருந்தும் சிப் வேறோரிடத்திலிருந்தும் வந்திருக்கும்.

மருந்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். இந்திய மாத்திரைகள் பலவற்றின் மூலப்பொருள் சீனாவிலிருந்து வருகிறது. அதை நிறுத்தினால் அவதி நோயாளிக்குத்தான்.

இனி லேபிள். பலரும் தவறுவது பார்கோடில். முதல் மூன்று இலக்கம் 890 என்றால் இந்தியா, 690 முதல் 699 வரை சீனா, 479 இலங்கை, 600, 601 தென்னாப்பிரிக்கா என்று வாட்ஸ்அப்பில் ஓடும் பட்டியல் பாதி உண்மை. அந்த எண்ணை எந்த நாட்டு அமைப்பு வழங்கியது என்பதை மட்டுமே அது காட்டும். சீனாவில் செய்த பொம்மையை இந்திய நிறுவனம் தன் எண்ணில் விற்றால் 890 என்றே தொடங்கும். ஆகவே பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ என்ற வரியைத் தேடுங்கள். இறக்குமதிப் பொருளில் அதுவும், இறக்குமதியாளர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆன்லைன் கடைகளும் அதைக் காட்டியாக வேண்டும். ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் நாலு இலக்க எண் ரகத்தைத்தான் குறிக்கும், நாட்டை அல்ல. ஸ்டிக்கரில் நாட்டின் பெயர் இல்லையென்றால் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்காரர் சரக்குக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருப்பார். இருப்பைக் கொட்டச் சொல்லாதீர்கள், அடுத்த ஆர்டரில் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2020 ஜூனில் எல்லையில் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சீன டிவியை மாடியிலிருந்து வீசி உடைத்தார்கள். வாங்கியபோதே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. உடைத்ததில் நஷ்டம் வீட்டுக்காரருக்கு மட்டும். அதே மாதத்தில் சைனீஸ் உணவகங்களை மூடச் சொன்னவர்களும் உண்டு. அங்கே நூடுல்ஸ் கிளறுபவர் நம்மூர்க்காரராகவே இருப்பார். முகத்தையும் பெயரையும் சாப்பாட்டையும் பார்த்துத் தொடங்கும் எதுவும் இனவெறிதான். குழுவில் யாராவது அப்படிப் பேசினால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

சும்மா வாங்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இறக்குமதியாளருக்கு நாலு வரி எழுதுங்கள்: ‘உங்கள் இந்தப் பொருளை இந்தத் தேதியிலிருந்து வாங்குவதில்லை. காரணம் இது. இன்னது நடந்தால் மறுபடி வாங்குவோம். எங்கள் தெருவில் இத்தனை குடும்பம்.’ எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒன்று பொய்யென்று தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

முதல் தாளை அலமாரிக் கதவில் ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படித்துப் பாருங்கள். 1993 செப்டம்பர் 24 அன்று ஐ.நா.வில் நின்று, பொருளாதாரத் தடைகளை நீக்குங்கள் என்று கேட்டவர் நெல்சன் மண்டேலா. அப்போது எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் தேர்தல்கூட நடக்கவில்லை. நிறுத்தும் நேரத்தையும் பாதிக்கப்பட்ட தரப்பே குறித்தது. கோரிக்கை நிறைவேறியதும் அதே இறக்குமதியாளருக்கு இரண்டாவது கடிதம் போட்டு, அந்த வாரமே ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.